படலையில் நின்ற கேள்வி

வயது நாற்பதை எட்டுமுன்னரே பதினொரு வீடுகளில் நாம் குடியிருந்துவிட்டோம். அவற்றுள் முதலாவது மட்டுமே எமது குடும்பத்துக்கு உரித்தானது. அதில் நாம் வாழ்ந்தது ஒன்றரை ஆண்டு. அவ்வீட்டைப் பற்றிய நினைவு எம்மிடம் ஏதுமில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டதையடுத்து, வலிகாமம் வடக்கிலிருந்த எமது சிற்றூரை விட்டு எம் பெற்றோர் வெளியேறினர். அன்னையார் எம்மை இடுப்பிற் சுமந்தார். தந்தையார் ஒரு தகரப் பெட்டியைச் சுமந்தார். பெட்டியினுள்ளே காணி உறுதிகள் இருந்தன. பிள்ளையும் உறுதியும் தப்பினால் மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அக்காலத்து யாழ்ப்பாணத்தவரின் கணக்கு. பிள்ளை வளர்ந்து ஆசிரியனாயிற்று. உறுதிகளும் செல்லரிக்காமல் இருக்கின்றன. வீடு மட்டும் இல்லை.

ஏனைய பத்தும் பிறர் வீடுகள். அவற்றுட் கடைசியான வீட்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். எழுதவேண்டுமென்று மூன்று வருடங்களாக எண்ணியும் எழுதாமலிருந்ததற்குக் காரணம் சோம்பலன்று; வெட்கம்.

நகரிலுள்ள பாடசாலையொன்றுக்கு எமக்கு இடமாற்றம் கிடைத்தது. துணைவியாரும் ஆசிரியை. இருவருக்கும் ஒரு கைக்குழந்தைக்கும் போதுமான சிறு வீடு தேவைப்பட்டது. எமது திருமணம் சீதனமின்றி நடைபெற்றதென்பதை இவ்விடத்திற் குறிப்பிடவேண்டியிருக்கிறது. இதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் மேடை மேடையாகப் பேசியதைப் பின்னர் விழுங்க முடியாமற் போயிற்று, அவ்வளவுதான். ஆனால் இந்த நகரத்தில் வீடு தேடத் தொடங்கியபின்னரே சீதனம் வாங்காமையின் முழுப் பொருளையும் அறிந்துகொண்டோம்.

மோட்டார் சைக்கிளில் வந்த தரகர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாஸ்ரர், மனுசியின்ரை வீடு எங்கை?"

"இல்லை அண்ணை."

"வாடகைக்குக் குடுத்திட்டியளோ?"

"நாங்கள் சீதனம் வாங்கேல்லை."

தரகர் சிறிது நேரம் பேசவில்லை. எமக்காக அவர் உண்மையாகவே கவலைப்பட்டதாகத் தோன்றிற்று. பின்பு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உதை வீட்டுக்காரரிட்டைச் சொல்லிப் போடாதையுங்கோ. வேறை ஏதோ பிழை இருக்கெண்டு நினைப்பினம்."

தரகரின் அறிவு எமது பட்டப்படிப்பினும் ஆழமானது என்பதிற் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு என்பது சந்தையில் விலைபேசி வாங்கப்படும் பொருளாக வந்ததே அண்மைக்காலத்தில்தான். நெடுங்காலமாக அது பெண்ணுக்குப் பின்னால் வருவதாகவே இருந்தது. மகளுக்கு வீடு, மகனுக்குப் படிப்பு என்பது இவ்வூரின் எழுதாத வரவுசெலவுத் திட்டம். எனவே உத்தியோகமுள்ள ஆண்மகன் ஒருவன் மணமுடித்தபின்னும் வாடகை வீடு தேடி அலைகிறானெனில், அவன் காதலித்து ஓடியவனாக இருக்கவேண்டும், அல்லது பெண்வீட்டார் அவனுக்கு வீடு கொடுக்க விரும்பாத ஏதோ ஒரு குறை அவனிடத்தில் இருக்கவேண்டும். கொள்கை என்ற ஒன்று இருக்கக்கூடுமென்பது எவர்க்கும் தோன்றுவதில்லை.

எழுதாத திட்டம் என்றோம். உண்மையில் அது எழுதப்பட்டதுதான். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபின் தலைநகர் நல்லூரிலிருந்து இன்றைய நகரத்துக்கு மாறியது. 1658 இல் அவர்களைத் துரத்திவிட்டு வந்த ஒல்லாந்தர் காணிகளைத் தோம்பில் எழுதினர். வரி அறவிடுவதற்கு அது வேண்டியிருந்தது. அத்துடன் நில்லாது, இம்மக்களின் வழமைகளையும் எழுத்தில் வடிக்க முற்பட்டனர். அப்பணி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1707 இல் அவர் தொகுத்து முடித்ததைப் பன்னிரண்டு முதலிமார் படித்துச் சரியென்றனர். அதுவே தேசவழமை. 1806 இல் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஏற்றுக்கொண்டனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு என்று இன்றும் எமது நொத்தாரிசுமார் பேசும் சொற்களெல்லாம் அதன் வழி வந்தவை. வழமை யாருடையது என்று கேட்பது பொருந்தும். பன்னிரண்டு முதலிமாரிடம் கேட்டவர்கள், அவர்களது வயலில் உழைத்தவர்களிடம் கேட்கவில்லை. காணியையும் சீதனத்தையும் பற்றிப் பேசும் அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள்ளன. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அவ்விதிகள் செத்தன. அவற்றுக்கு அடுத்த பக்கங்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன.

பெண்ணின் பெயரில் வீடு இருப்பதைக் காட்டி, யாழ்ப்பாணத்துப் பெண் உரிமையுள்ளவள் எனப் பெருமை பேசுவோர் உளர். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைத் தானே விற்கவியலாது. கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். வீடு அவளுடையது, கையொப்பம் அவனுடையது.

இவ்வளவும் எழுதிவிட்டு எம் வீட்டுக் கதையை மறைப்பது முறையன்று. 2018 இல் வலிகாமம் வடக்கில் இராணுவம் விடுவித்த காணிகளுள் எமது காணியும் அடங்கிற்று. தந்தையார் தகரப் பெட்டியுடன் சென்றார். வீடு நின்ற இடத்தில் வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. கிணறு இருந்தது, அதற்குள் ஒரு பூவரசு வளர்ந்திருந்தது. மறுவருடம் தங்கைக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் காணியையும் அதில் ஒரு வீட்டையும் கேட்டனர். தந்தையார் ஓய்வூதியத்தை ஈடுவைத்துக் கடன்பட்டு வீட்டை எழுப்பிச் சீதன உறுதி எழுதினார். அவ்வுறுதியின் அடியில் சாட்சியாகக் கையொப்பமிட்டவர் இருவர். ஒருவர் நாம். வாங்குவதில்லை என்று விரதம் பூண்டோம். கொடுப்பதைத் தடுக்கத் துணிவில்லை. தங்கையின் வாழ்க்கையை வைத்து எமது கொள்கையைச் சோதிக்க முடியாதென்று அன்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

முதலில் வாங்கவே முயன்றோம். கந்தர்மடத்தில் ஒரு பரப்புக் காணி அறுபது இலட்சம் ரூபா என்றனர். ஒரு வீடும் கிணறும் அமைய இரண்டு பரப்பாவது வேண்டும். நாமிருவரும் சம்பளத்தில் ஒரு சதத்தையும் தொடாது, உண்ணாது, உடுக்காது சேர்த்தாலும் எட்டு வருடத்துக்கு மேற்செல்லும். அதன்பின்னர் முதற்கல்லைப் பற்றி யோசிக்கலாம். இந்தப் பரப்புக் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. வரகுப் பரப்பாயின் பதினாறு ஓர் ஏக்கர். நெற்பரப்பாயின் இருபத்துநான்கு ஓர் ஏக்கர். நகரத்தில் வரகு விதைத்ததைக் கண்டவர் எவருமில்லை. எனினும் வங்கிகளும் விடுதிகளும் எழும்பும் நிலத்தை இன்னும் வரகினாலேயே அளக்கிறோம்.

அரியாலைப் பக்கத்தில் ஒரு பழைய நாற்சார் வீடு எமது வசதிக்குச் சற்று அண்மையில் வந்தது. உறுதியின் பிரதியைத் தரகர் கொண்டுவந்து தந்தார். தமிழ் படித்தவர்களுக்கு உறுதி ஓர் இலக்கியம். ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர். எல்லைகள் நான்கும் மனிதரின் பெயர்களால் நிற்கின்றன. அவர்கள் இறந்து நூறு வருடமானாலும் வடக்கு எல்லையில் அவரே நிற்கிறார். வீடு, வளவு, வான்பயிர், உடுபயிர், கிணற்றுப்பங்கு, வழிவாய்க்காற்பங்கு என்று ஓடிவரும் அந்த நடையை எமது உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டியுமிருக்கிறோம். ஆனால் உறுதியின் முடிவில் உரித்தாளர் ஐவர் இருந்தனர். ஐவரும் நான்கு நாடுகளில் இருந்தனர். நால்வர் அற்றோர்னித் தத்துவம் அனுப்பச் சம்மதித்தனர். ஐந்தாமவர் அது அம்மாவின் வீடு என்று தொலைபேசியில் அழுதாராம். அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. விற்பதாயின் பங்காளிக்கே முதலில் அறிவிக்கவேண்டுமென்பது தேசவழமையில் இருந்தது. 1947 ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த முன்னுரிமையைப் பங்காளிக்கும் விற்பவரின் உரித்தாளராக வரக்கூடியவருக்கும் காத்துக்கொடுத்தது. அந்நியன் நுழையாமல் அடைக்கப்பட்ட வேலி இது. கதியால் வேலி மறைந்து மதில் வந்துவிட்டது. உறுதிக்குள் இருக்கும் வேலி அப்படியே இருக்கிறது.

வெளிநாட்டிலிருப்போர் காசை அனுப்பி விலையை ஏற்றிவிட்டனர் என்று எல்லோரும் சொல்வதை நாமும் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் 1983 க்குப் பின் உயிர் தப்பியோடியவர்கள், பனியில் நின்று பாத்திரங் கழுவிய காசில், திரும்பிவரும் ஆசைக்கு ஓர் அடையாளமாக ஒரு வளவைப் பிடித்துவைக்கிறார்கள். வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆசையும் மூலதனமும் ஒன்றாய்க் கலந்தால் விலைக்கு உச்சி இருக்காது. 2009 இல் போர் முடிந்து கண்டி வீதி திறந்தபின்னர் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அந்தக் கலவையில் இறங்கின. நல்லூரிலும் கந்தர்மடத்திலும் மாலை வேளையில் நடந்து பாருங்கள்: இரண்டு மாடி, புதுச் சாயம், வாசலில் பூட்டு. உள்ளே விளக்கேற்றவும் முற்றங் கூட்டவும் ஒரு முதியவள் வந்து போவாள். அவள் குடியிருப்பது நாவாந்துறையில் ஒரு தகரக் கொட்டிலாக இருக்கும்.

பூட்டிவைப்பதற்கு இன்னொரு நியாயமும் சொல்லப்படுகிறது. 1972 இல் வாடகைச் சட்டமும் அடுத்த வருடம் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்த சட்டமும் வந்தன. அப்போது வீடமைப்பு அமைச்சராயிருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். குடியிருப்பவனை நினைத்தவுடன் வெளியேற்றக் கூடாது, ஒருவன் பத்து வீடுகளை வைத்துக்கொண்டு பலரை வாடகையாற் பிழியக் கூடாது என்பது அவற்றின் நோக்கம். நோக்கத்தில் எமக்கு மாறுபாடில்லை. கொழும்பின் தோட்டங்களில் நெருங்கி வாழ்ந்தவர்களை எண்ணி இயற்றப்பட்டவை அவை. யாழ்ப்பாணத்தில் அவற்றின் விளைவு விசித்திரமானது. 'குடியிருத்தினால் எழும்பமாட்டான்' என்ற அச்சம் மட்டும் சட்டத்தைவிட நீண்ட ஆயுளோடு தங்கிவிட்டது. அந்த அச்சத்தைக் காட்டித் தெரிந்த ஆள், நல்ல ஆள் என்று தேடத் தொடங்குகிறார்கள். நல்ல ஆள் என்பதன் பொருளை இனிச் சொல்கிறோம்.

கந்தர்மடத்தில் ஓர் ஒழுங்கை. பச்சை நிறப் படலை. முன்வீட்டில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவரும் மனைவியாரும் இருந்தனர். பின்வளவிலுள்ள மூன்று அறை வீட்டை வாடகைக்கு விட்டிருந்தனர். இரண்டுக்கும் நடுவே கிணறு. ஐயா படலையைத் திறக்கவில்லை. படலைக்கு மேலாக எம்முடன் பேசினார். வாடகை எவ்வளவு, முற்பணம் எத்தனை மாதம் என்ற பேச்சே எழவில்லை.

"தம்பிக்கு எந்த ஊர்?"

சொன்னோம்.

"அங்கை எவ்விடம்?"

குறிச்சியைச் சொன்னோம்.

"கோயிலுக்குக் கிட்டவோ, கடற்கரைப் பக்கமோ?"

"கோயிலடி."

"தகப்பனார் ஆர்?"

சொன்னோம். ஐயாவின் முகத்தில் ஒரு தளர்வு உண்டாயிற்று. "பின்னை அந்த விதானையாருக்குச் சொந்தமோ?" என்றார். தூரத்துச் சொந்தம் என்றோம். படலை திறந்தது. அதன் பின்னர் அவர் எம்மைத் தம்பி என்று அழைக்கவில்லை, மாஸ்ரர் ஆனோம். அம்மா தேநீர் கொண்டுவந்தார். வாடகை எமது சம்பளத்தின் பாதிக்கு மேல், ஆறுமாத முற்பணம். அதைக் கொடுக்க ஓர் ஆசிரிய நண்பரிடம் கைமாற்று வாங்கினோம். எழுதும்போது தெரிகிறது: அவர் சாதி என்ற சொல்லை ஒருமுறையேனும் உச்சரிக்கவில்லை. நாமும் உச்சரிக்கவில்லை. நான்கு கேள்விகள், நான்கு விடைகள், எல்லாம் புவியியற் பாடம் போல நடந்து முடிந்தது.

இதே பாடத்தை நாம் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருந்தோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு நடந்த அன்றிரவு, மழை. எமக்கு வயது ஆறு. பாலத்தைக் கடந்து விடியற்புறத்தில் ஒரு வளவின் வாசலில் நின்றோம். எமக்குப் பின்னால், வழியில் எமது குடையை நாமும் அவர்களது பாணை அவர்களும் பகிர்ந்துகொண்டு வந்த ஒரு குடும்பம் நின்றது. வீட்டுக்கார அம்மா வாளியைக் கையிற் பிடித்தபடி எம் அன்னையாரிடம் ஊர் கேட்டார், குறிச்சி கேட்டார். அன்னையார் விடை சொன்னார். வாளி எங்கள் கைக்கு வந்தது. பின்னால் நின்றவர்களிடமும் கேட்டார். அவர்களும் பொய் சொல்லவில்லை. "நீங்கள் நில்லுங்கோ, நான் அள்ளி ஊத்திறன்" என்றார். அவர்கள் இரு கைகளையும் ஏந்திக் குடித்ததை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். இலட்சக்கணக்கான மக்கள் வீடிழந்து தெருவில் நின்ற இரவு அது. எல்லோரும் ஒன்றாகிவிட்டோம் என்று பின்னாளில் பலர் எழுதிய இரவும் அதுவே. தந்தையாரின் பெட்டியிலிருந்த உறுதிகள் எதற்கும் உதவவில்லை. அன்னையாரின் விடையே உதவிற்று. எம் குடும்பத்துக்கு அன்றும் இன்றும் செல்லுபடியாகும் உறுதி அதுதான். எந்தப் போரும் அதனைக் கைப்பற்றவில்லை.

கந்தர்மடத்து வீட்டுக்குச் சாமான்களை ஏற்றிய மறுநாள், ஆசிரியர் அறையில் எமது பாடசாலைக் கணித ஆசிரியர் வீடு எங்கே கிடைத்ததென்று கேட்டார். இடத்தைச் சொன்னோம்.

"பச்சைப் படலையோ?"

"ஓம். தெரியுமோ?"

"இரண்டு கிழமைக்கு முந்திப் போனனான். ஆக்கள் வந்திட்டினமெண்டு சொன்னவர்."

சிரித்துக்கொண்டே சொன்னார். கையிலிருந்த விடைத்தாளிற் புள்ளியிட்டுக்கொண்டு சொன்னார். இரண்டு கிழமைக்கு முன்னர் எவரும் வந்திருக்கவில்லை என்பதை அவர் அறிவார், நாமும் அறிந்தோம். எம்மைவிட இரண்டு வருடம் சேவையில் மூத்தவர். எமது பாடசாலையில் கணிதத்தில் சித்தியெய்தும் பிள்ளைகளிற் பாதிப்பேர் அவரது உழைப்பினால் எய்துகிறார்கள். கொட்டடியில் இரண்டு அறைகளில் மனைவியுடனும் மூன்று பிள்ளைகளுடனும் வாழ்கிறார். முற்பணத்துக்கு எமக்குக் கைமாற்றுத் தந்த நண்பர் என்று மேலே குறிப்பிட்டவர் அவரே. தமக்கு வீடு கிடைத்திருந்தால் கட்டுவதற்கென வைத்திருந்த பணம் அது.

அன்று மாலை என்ன செய்திருக்கவேண்டும் என்பது எமக்குத் தெரியும். சாமான்களை மீண்டும் ஏற்றிக்கொண்டு வெளியேறியிருக்கவேண்டும். அல்லது ஐயாவிடம் நேரே கேட்டிருக்கவேண்டும். துணைவியாரிடம் சொன்னோம். அவர் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, "எங்கை போறது?" என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தோம். கைமாற்றை எட்டு மாதத்தில் திருப்பிக் கொடுத்தோம். ஒவ்வொரு காலையும் அக்கிணற்றில் நீர் அள்ளும்போது வாளியின் கைப்பிடி கையில் உறுத்தியதென்று எழுதினால் அது பொய். பழகிவிட்டது. பழகிவிட்டதுதான் வெட்கம்.

1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. பாடசாலையில், தேநீர்க்கடையில், கோயிலில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. சட்டம் இருந்தும் கதவுகள் திறக்கவில்லை. 1967 இல் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் பின்னரே, அடியுண்டும் இரத்தம் சிந்தியும், ஒவ்வொன்றாய்த் திறந்தன. 1968 இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நடந்ததை இவ்விதழின் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் போராட்டத்தைப் படித்தே நாம் இடதுசாரிகளானோம். ஆயினும் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். தேநீர்க்கடையில் தனிக்குவளை இருந்ததால் அதைக் கண்ணாற் கண்டோம், உடைக்கவும் முடிந்தது. படலைக்கு மேலால் மென்மையாகக் கேட்கப்படும் 'எந்த ஊர்' என்ற கேள்வியை எந்த ஊர்வலம் உடைக்கும்? வீட்டை யாருக்குக் கொடுப்பதென்பது என் சொந்த விருப்பம் என்று உடைமையாளன் சொல்லும்போது, சாதியும் தனியுடைமையும் ஒன்றையொன்று முண்டு கொடுத்து நிற்கின்றன. திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் அறை தேடும் மலையகத்து மாணவனும் வன்னி மாணவியும் முஸ்லிம் பிள்ளையும் இக்கேள்வியின் வேறு வேறு வடிவங்களைச் சந்திக்கின்றனர். ஒருவரிடம் ஊர், ஒருவரிடம் மச்சம் சமைப்பீர்களா, ஒருவரிடம் கேள்வியே இல்லை, அறை முடிந்துவிட்டது.

சோனகத் தெருவை இங்கு மறக்கலாகாது. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, நாவற்குழிப் பாலத்தை நாம் கடந்ததற்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், அத்தெருவின் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். உறுதியைக்கூட எடுத்துச்செல்ல விடாத இடங்களும் உண்டு. போர் முடிந்தபின் மீண்டவர்களுள் காணியுடையவர் வழக்காடவேனும் வழி பிறந்தது. ஆயுதக் குழுக்களினால் வெளியேறி நின்ற காலத்தைக் காட்டிப் பிறர் ஆட்சியுரிமை கோரலாகாதென 2016 இல் ஒரு சட்டம் வந்தது. நன்று. ஆனால் அத்தெருவிலே வாடகைக்குக் குடியிருந்தவர்கள் எதைக் காட்டித் திரும்புவர்? முப்பது வருடம் ஒரே வீட்டில் வாடகைக்கு வாழ்ந்த தையற்காரர் ஒருவர், தம் ஊர் என்று சொல்லத் தம்மிடம் ஒரு துண்டுக் கடதாசிதானும் இல்லையென்று புத்தளத்தில் எம்மிடம் கூறினார். வீட்டுத்திட்டங்களின் நிலையும் இதுவே. 2012 அளவில் வேகம் பெற்ற இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கிடைத்தது. காணி இருந்தவனுக்கு அது வீடாயிற்று. காணியே இல்லாதவன் வரிசையில் நிற்கவும் தகுதி பெறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காணி வாங்கவிடாமல் வைக்கப்பட்டவர்கள் யாரென்று மேலும் சொல்லவேண்டுமா?

சென்ற தவணை எமக்கு முல்லைத்தீவு மாவட்டத்துக்கு இடமாற்றம் வந்தது. வீட்டை விடுகிறோம் என்று ஐயாவிடம் அறிவித்தோம். அவர் உண்மையாகவே வருந்தினார். மூன்று வருடத்தில் அவரது மனைவியார் எமது குழந்தைக்குப் பேர்த்தி போலானார். காய்ச்சல் கண்ட இரவில் அவரே முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். தீயவர்கள் என்று அவர்களை எழுதிவிட்டால் எமது வேலை இலகுவாகும். அவர்கள் தீயவர்களல்லர்.

"உங்களைப் போலை ஒரு நல்ல குடும்பமாய்ப் பாத்துச் சொல்லுங்கோ மாஸ்ரர்" என்றார் ஐயா.

அடுத்த நாள் கணித ஆசிரியரிடம் கேட்டோம். அவர் இம்முறை சிரிக்கவில்லை. "நான் ஒருக்கால் அந்தப் படலைக்குப் போனனான். இனி வேணுமெண்டால் அவர் என்னட்டை வரட்டும்" என்றார். அதிற் பிழை காண எம்மால் முடியவில்லை.

மாலையில் ஐயா கிணற்றடியில் நின்றார். ஒரு குடும்பம் இருக்கிறதென்றும், எம்முடன் கற்பிக்கும் கணித ஆசிரியரென்றும், வாடகையை நாள் தவறாது தருவாரென்றும் கூறினோம்.

"ஆர் ஆக்கள்?"

"ஆசிரியர் எண்டு சொன்னனே, ஐயா."

"அதில்லைத் தம்பி."

மூன்று வருடத்தின் பின் மீண்டும் தம்பியானோம். அப்போது சொன்னோம்: "அவர் மூண்டு வரியத்துக்கு முன்னம் உங்கடை படலையிலை வந்து நிண்டவர். ஆக்கள் வந்திட்டினமெண்டு சொல்லி அனுப்பினனீங்கள். நாங்கள் அதுக்குப் பிறகுதான் வந்தனாங்கள். உங்களுக்கு நாங்கள் தந்த முற்பணம் அவர் தந்த காசு."

ஐயா எதுவும் பேசவில்லை. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே சென்றார். அம்மா யன்னலருகில் நின்றிருந்தார், அவரும் பேசவில்லை. நாம் புறப்பட்ட அன்று குழந்தைக்கு ஒரு பொதியில் பனங்கட்டி கொடுத்தார்.

இது நடந்து நான்கு மாதங்களாகின்றன. விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்றபோது அந்த ஒழுங்கையால் நடந்தோம். பின்வீடு பூட்டிக் கிடக்கிறது. கணித ஆசிரியர் இன்னும் கொட்டடியில்தான் இருக்கிறார்.